ஊரை விட்டு வந்தாச்சு, சொதிக்கு எங்கே போவது?

தென் மாவட்டச் சாப்பாட்டுக்கு ஏங்கி வெளியூரில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எங்கள் குடும்பத்துக்குக் கல்யாணச் சமையல்தான் தொழில். நெல்லைப் பக்கம் தவசுப்பிள்ளை என்பார்கள்.

முனிச்: அண்ணாச்சி, டப்பாத் தேங்காய்ப்பாலில் சொதி வைக்கிறேன். மறுவீட்டுச் சாப்பாட்டு ருசி கிட்டக்கூட வரவில்லையே?

எப்படி வரும்? டப்பாப் பால் எல்லாம் ஒரே கெட்டி. சொதிக்கு மூன்று பால் வேண்டும். உறையவைத்த தேங்காய்த் துருவல் அங்கே ஆசியக் கடைகளில் கிடைக்கும். வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, மிக்ஸியில் அரைத்து மூன்று தடவை பிழியுங்கள். முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளை எல்லாம் மூன்றாம் பாலில் வேகட்டும். அப்புறம் இரண்டாம் பால், குழைய வெந்த பாசிப்பருப்பு, அரைத்த இஞ்சி பச்சைமிளகாய். தலைப்பால் ஊற்றிய பிறகு கொதிக்கவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். எலுமிச்சை சூடு தணிந்த பிறகுதான். கூடவே இஞ்சிப் பச்சடி கட்டாயம். தேங்காயும் பருப்பும் வயிற்றில் மந்தமாக நிற்கும், அதற்கு மருந்து அதுதான். உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டில் வந்தாலும் குற்றமில்லை.

டெல்லி: உளுந்தஞ்சோறு சாப்பிட்டு வருஷக்கணக்காச்சு. இங்கே தொலி உளுந்துக்கு எங்கே போக?

தெருமுனை மளிகைக் கடைக்குப் போங்கள். ‘உரத் சில்கா’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். தொலியோடு உடைத்த கறுப்பு உளுந்துதான் அது. லேசாக வறுத்து, ஒரு பங்கு அரிசிக்கு அரைப் பங்கு போடுங்கள். உரித்த பூண்டு ஒரு கைப்பிடி, வெந்தயம் ஒரு சிட்டிகை, தேங்காய்த் துருவல் தாராளமாக. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். டெல்லிக் குளிருக்கு இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது.

பெங்களூரு: தாமிரபரணித் தண்ணீர் இல்லாமல் அல்வா வருமா?

தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் மறுத்துப் பேசமாட்டேன், ஊருக்குள் நடமாட வேண்டுமே! ஆனால் வீட்டில் அல்வா கெடுவதற்குக் காரணம் அவசரம். கடையில் விற்கும் மாவைக் கரைத்துக் கிண்டினால் களிதான் கிடைக்கும். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய பாலை மட்டும் எடுங்கள். நிறத்துக்குப் பொடி வேண்டாம். கொஞ்சம் சர்க்கரையைத் தனியாகக் கருக்கிச் சேர்த்தால் போதும். கிண்டக் கிண்ட நெய்யைக் குடிக்கும். குடித்த நெய்யைத் திரும்பக் கக்கும்போது இறக்குங்கள். அதற்குள் தோள் கழன்றுவிடும், இன்னொரு ஆளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ்: அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொண்டுவரலாமா?

கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பால் பொருளையும் இறைச்சியையும் பயணிகள் கொண்டுபோக முடியாது. பிடித்தால் குப்பைத் தொட்டிதான். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு என்று சொல்லிப் பார்த்தாலும் சுங்கத்தில் எடுபடாது. ஊரிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கோவில்பட்டிக் கடலைமிட்டாயைப் பெட்டியில் போடுங்கள். கடலையும் வெல்லப்பாகும்தான், கெடாது. அதற்கும் 2020-இல் குறியீடு வந்துவிட்டது.

ஹைதராபாத்: தூத்துக்குடி மக்ரூன் வீட்டில் செய்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

மழைக்காலத்தில் செய்தீர்களா? முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளை, இவ்வளவுதான் சரக்கு. காற்றில் ஈரம் இருந்தால் சர்க்கரை அதை இழுத்துக்கொள்ளும். வெயில் காலத்தில், மெல்லிய சூட்டில் மணிக்கணக்காகக் காயவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் தூத்துக்குடியிலிருந்தே வரவழையுங்கள். நான் அதைத்தான் செய்கிறேன்.

ஷார்ஜா: நாகர்கோவில் மட்டிப்பழம்?

மலையாளிக் கடைகளில் நேந்திரன் வாங்கி மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். மட்டிக்கு ஊருக்குத்தான் வரவேண்டும்.

புனே: என் மனைவிக்குக் கோவை. சொதி வைத்தால், “இந்தக் குருமாவில் காரம் எங்கே?” என்கிறாள். என்ன செய்ய, அண்ணாச்சி?

தம்பி, அவரும் ஊரை விட்டு வந்தவர்தானே? முதலில் நீங்கள் அரிசியும்பருப்பும் சாதம் செய்து போடுங்கள். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம், மிளகு எல்லாம் தாளித்து அரிசியோடு குக்கரில் வைத்தால் முடிந்தது. சூடாக இருக்கும்போதே நெய் விடுங்கள், கை இழுக்காமல். சொதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.