ஒளியைப் பரப்பும் கலையில் ஆர்வமுள்ள மகளுக்கு எந்தப் படிப்பு?

மதிப்பிற்குரிய ஐயா,

தாண்டிக்குடியிலிருந்து தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ படிக்கும் மகள் பழுதான ஸ்கேனரைப் பிரித்து வைத்துக்கொண்டு அதன் விளக்குப் பகுதியையே ஆராய்ந்துகொண்டிருப்பதாகவும், கணினிப் பொறியியலை மறுத்து இயற்பியல்தான் வேண்டும் என்பதாகவும் வருந்தியிருக்கிறீர்கள். இதில் பிழைப்புக்கு வழி உண்டு. பாதையை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவள் ஆராய்வது அற்பமான பொருள் அன்று. மெல்லிய ஸ்கேனர்களின் உள்ளே, காகிதத்தின் அகலம் முழுவதும் நீளும் பிளாஸ்டிக் தண்டு ஒன்று இருக்கும். எல்.இ.டி. விளக்கு பெரும்பாலும் அதன் ஒரு முனையில்தான் இருக்கிறது. முழு அகப் பிரதிபலிப்பால், அதாவது வெளியேறாமல் உட்சுவரிலேயே பட்டுத் திரும்பியபடி, தண்டுக்குள் ஓடும் ஒளியை, அதன் ஒரு பக்கத்தில் உள்ள நுண்ணிய வெட்டுகளோ வெள்ளைப் புள்ளிகளோ வெளியே சிதறவிடுகின்றன. விளக்கின் அருகே இவை விலகியும், தொலைவில் நெருங்கியும் அமைவதால் காகிதத்தின் இரு ஓரங்களுக்கும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம் கிடைக்கிறது. மிஞ்சும் ஏற்றத்தாழ்வை, கண்ணாடி விளிம்பின் அடியில் மறைந்திருக்கும் வெள்ளைப் பட்டையை முதலில் படித்து, ஸ்கேனர் கணக்கால் ஈடுசெய்கிறது. அந்தப் பட்டையைக் கண்டுபிடித்தாளா என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒளியை எங்கும் சமமாகப் பரப்புவது எப்படி என்ற இதே கேள்வி பெரிய அளவில் எழுந்த இடம் தங்கள் மலையிலேயே இருக்கிறது. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம், நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் புகைப்படத் தகடுகளிலும் ஃபிலிமிலும் பதிவுசெய்து வந்தது. அவற்றை டிஜிட்டல் வடிவுக்கு மாற்றியபோது, தகட்டின் பின்னால் சாதாரண விளக்கு வைக்கப்படவில்லை. 1 மீட்டர் விட்டமுள்ள ஒருங்கிணைப்புக் கோளத்திலிருந்து வரும் சீரான ஒளியே பயன்பட்டது. இத்தகைய கோளத்தின் உட்புறம் மினுமினுப்பற்ற வெண்பூச்சு கொண்டது. அதனுள் பலமுறை பட்டுத் திரும்பிய ஒளி, வாயிலில் எல்லா இடத்திலும் சமமாக வெளிப்படும். பின்னொளி ஓர் ஓரத்தில் சற்றுக் குறைந்திருந்தாலும், சூரியனின் விளிம்பு உண்மையில் அவ்வளவு மங்கியதா, விளக்கின் பிழையா என்று பிற்காலத்தவர் குழம்ப நேரிடும். விஞ்ஞானத்தின் நேர்மையே இந்த ஒளியில் அடங்கியிருப்பதாக நான் உறுதியாகக் கருதுகிறேன்.

வேலை எங்கே என்பதற்குத் தங்கள் தோட்டத்துக் காப்பியே விடை சொல்லும். காப்பிக் கொட்டையைத் தரம் பிரிக்கும் கலர் சார்ட்டர் எந்திரங்கள் கோயம்புத்தூரில் தயாராகின்றன. ஒரே திசையிலிருந்து விளக்கு அடித்தால், நிழல் விழுந்த பக்கத்தைக் கண்டு கேமரா நல்ல கொட்டையையும் கறுப்பு என்று தள்ளிவிடும். ஆகவே ஒளியைப் பரப்பத் தெரிந்தவர் அங்கே தேவைப்படுகிறார். மருத்துவக் கருவிகள், ஆலைகளின் கேமராச் சோதனை, கைபேசித் திரைகள் ஆகிய துறைகளுக்கும் இது பொருந்தும்.

படிப்பைப் பொறுத்தவரை, பி.எஸ்சி. இயற்பியலோடு நின்றுவிட்டால் வேலை கிடைப்பது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. பட்டத்துக்குப் பின் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். பிளஸ் டூ முடித்தவுடனே செல்ல வேண்டுமானால், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஒளியைக் கையாளும் தொழில்நுட்பமான ஃபோட்டானிக்ஸில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. நடத்துகிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. உறுதியான வேலைவாய்ப்பையே தாங்கள் முதன்மையாகக் கருதினால், பி.இ. மின்னணு மற்றும் கருவியியல் படித்து ஒளியியலை விருப்பப்பாடமாகக் கொள்வது நல்ல சமரசம். எந்தப் பாதையானாலும் பைத்தான் நிரலாக்கமும் அடிப்படை மின்னணுவியலும் கற்றே ஆக வேண்டும்.

மகள் எந்தப் பாடப்பிரிவில் படிக்கிறாள் என்பதைத் தாங்கள் குறிப்பிடவில்லை. கணிதம் இல்லாத பிரிவென்றால் மேற்சொன்ன பாதைகளில் பெரும்பாலானவை அடைபடும். ஆகவே அதை உடனே தெரிவியுங்கள், அதற்கேற்ற வேறு வழிகளைப் பார்ப்போம்.