சுறாப் பீலி (துடுப்பு) வணிகம்: கேட்டதும் சொன்னதும்

துடுப்பை மட்டும் ஏன் அறுக்கிறார்கள்?
சுறாக் கறி மலிவு, ஐஸும் இடமும் பிடிக்கும். காய்ந்த பீலி சாக்கில் அடங்கிவிடும், விலையோ கறியைவிடப் பல மடங்கு. அதனால் முதுகுத் துடுப்பு, மார்புத் துடுப்பு, வாலின் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் அறுத்துவிட்டு, சுறாவை உயிரோடு கடலில் தள்ளிவிடுகிறார்கள். நீந்த முடியாமல் அடியில் கிடந்து சாகும்.

பீலி போட்ட சூப்பில் அப்படி என்ன ருசி?
பீலிக்கு ருசியே கிடையாது. உள்ளிருக்கும் நார் சேமியா மாதிரி வழுக்கும். ருசி கோழிச்சாற்றில் வருவது.

இந்தியாவில் தடை உண்டா?
உண்டு. 2013 முதல் துடுப்பு ஒட்டியிருக்கும் முழுச் சுறாவாகத்தான் கரைக்கு வர வேண்டும். 2015 பிப்ரவரியில் எல்லா இனத் துடுப்புக்கும் ஏற்றுமதித் தடை வந்தது. வெளிநாடு போகும்போது யாராவது ஒரு பையைக் கொடுத்து "அங்கே சேர்த்துவிடு" என்றால் தொடாதீர்கள்.

சுறாப் புட்டு சாப்பிடலாமா?
பாதுகாக்கப்பட்ட இனமாக இல்லாவிட்டால் சாப்பிடலாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பெரிய சுறாவைத் தவிர்க்கட்டும், பாதரசம் சேர்ந்திருக்கும்.

கடல் அட்டைக் கடத்தல் பற்றி?
என் துறை இல்லை, அதை அறிந்தவரிடம் கேளுங்கள்.

(கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூரிலிருந்து) ஆயிரங்கால் தூண்டிலில், அதாவது நீண்ட கயிற்றில் வரிசையாகக் கட்டிய தூண்டில்களில், பிடித்ததை நாங்கள் முழுசாகத்தான் கொண்டுவருகிறோம். அடி எங்களுக்கு மட்டுமா?
உங்கள் கோபம் நியாயம். முழுச் சுறாவை இறக்குகிறவருக்கும் தடையால் பீலிக் காசு போய்விட்டது. ஆனால் 2020இல் ஹாங்காங்கில் பிடிபட்டதைப் பாருங்கள்: ஈக்வடாரிலிருந்து வந்த இரண்டே கண்டெய்னர்கள், 26 டன் பீலி, ஏறக்குறைய 38,500 சுறாக்கள். பெரும்பாலும் திரெஷர், சில்க்கி இனங்கள். திரெஷர் ஒரு ஈற்றுக்கு இரண்டு முதல் நான்கு குட்டிதான் போடும், அதுவும் பல வருடம் வளர்ந்த பிறகு. 1970இலிருந்து பெருங்கடல் சுறா, திருக்கை எண்ணிக்கை 71 சதவீதம் சரிந்ததில் ஆச்சரியமே இல்லை.

(சென்னையிலிருந்து) அப்படியென்றால் தடையை எடுத்துவிட்டு, இனம் பார்த்து அனுமதிக்கலாமே?
எப்படிப் பார்ப்பீர்கள்? கொம்பன் சுறாவின் (தலை சுத்தியல் மாதிரி இருப்பது) முதுகுப் பீலி உயரமாக, ஒடுங்கி இருக்கும், பழகிய கண்ணுக்குத் தெரியும். தோலுரித்து வெளுத்துவிட்டால் மரபணுச் சோதனைதான் கதி. அதனால்தான் துடுப்பு உடலோடு வரட்டும் என்கிறேன், பையைத் தொடாதீர்கள் என்கிறேன்.

(மறுபடி தூத்தூர்) அந்த விதி மட்டும் போதுமா?
போதாது, இதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். துடுப்பு வெட்டுக்கு எதிரான சட்டங்கள் பல நாடுகளில் பெருகிய 2012–2019 காலத்திலேயே, மீன்பிடியில் சாகும் சுறாக்கள் வருடத்துக்கு 7.6 கோடியிலிருந்து 8 கோடியாக ஏறின. பிடிக்கும் அளவுக்கே வரம்பு வேண்டும், குட்டி ஈனும் இடங்களை அந்தப் பருவத்தில் விட்டுவைக்க வேண்டும். அந்த இடங்கள் உங்களுக்குத் தெரியும், உங்களையும் பேச்சில் உட்காரவைக்காமல் வரம்பு போட்டால் அது நிற்காது.

சுறாப் புட்டு...
மேலே சொல்லிவிட்டேன்.