மாதம் 35 யூரோ இன்ஷூரன்ஸும் மகன் கையெழுத்திட்ட ஒரு தாளும்

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. ஜெர்மனியில் மெக்கானிக்கல் முதுகலை படிக்கிறான். 2024 அக்டோபரில் சேர்ந்தான். கோயம்புத்தூரில் உள்ள ஒரு கன்சல்டன்சிதான் எல்லாவற்றையும் செய்தது. பப்ளிக் இன்ஷூரன்ஸுக்கு மாதம் 145 யூரோ ஆகும், நாங்கள் 35 யூரோவில் முடித்துத் தருகிறோம் என்றார்கள். நம்பினோம். 2025 ஆகஸ்டில் சிறுநீரகக் கல் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். பில் 5,900 யூரோ. நம்ம ஊரில் அறுபதாயிரத்தில் முடியும். ஏற்கெனவே இருந்த நோய் என்று சொல்லி கம்பெனி கைவிரித்துவிட்டது. விசா நீட்டிக்கப் போனால் இந்த இன்ஷூரன்ஸ் போதாது என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவனை மரியாதையில்லாமல் நடத்தினார்கள். கன்சல்டன்சியில் போனையே எடுப்பதில்லை. அவனுடைய நண்பர்கள் எல்லோரும் பப்ளிக்கில் இருக்கிறார்கள். இவனை எப்படி மாற்றுவது? ப்ளஸ் டூ படிக்கும்போது ஒருமுறை கல் வந்து குணமானது. அதை விளக்கிக் கம்பெனிக்கு ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
— ஒரு தந்தை, ஈரோடு

பதில்: முதலில் அந்த மெயிலை அனுப்பாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி மரியாதை, எடுக்காத போன், நண்பர்களின் அதிர்ஷ்டம் இவற்றையெல்லாம் படித்தேன். வருத்தம் புரிகிறது. ஆனால் ஒரு வக்கீலாகச் சொன்னால், வழக்குக்கு இதில் எதுவும் பயன்படாது. சட்டத்துக்கு வேண்டியது உங்கள் மகன் கையெழுத்திட்ட ஒரு தாள்தான். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஜெர்மனியில் 30 வயதுக்குள் பட்டப்படிப்பில் சேரும் மாணவர் பப்ளிக் இன்ஷூரன்ஸில் இருப்பது சட்டப்படி கட்டாயம். உங்கள் 35 யூரோ திட்டம் போன்ற பிரைவேட்டுக்குப் போக ஒரே வழி, பப்ளிக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் விலக்கு கேட்டு எழுதிக் கொடுப்பது. அங்கே இதை ‘பெஃப்ரையுங்’ என்பார்கள். கட்டாயக் காப்பீடு தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நண்பர்கள் பப்ளிக்கில் இருப்பது அந்தத் தாளில் அவர்கள் கையெழுத்துப் போடாததால்.

உங்கள் மகன் போட்டிருக்கிறார். விமானம் ஏறுமுன் கன்சல்டன்சியில் நீட்டிய பதினைந்து இருபது தாள்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும். அதனால் ‘எப்படி மாற்றுவது’ என்பதற்கு என் பதில்: சாதாரணமாக முடியாது, படிப்பு முடியும்வரை முடியாது.

‘சாதாரணமாக’ என்று சொன்னதில் ஒரு சின்னச் சந்து இருக்கிறது. விலக்கு கேட்பவர் நோய் வந்தால் தனக்கு வேறு காப்பு இருப்பதைக் காட்ட வேண்டும். காட்டினால்தான் விலக்கு செல்லும் என்கிறது சட்டம். காட்டியது விசாவுக்காக எடுத்த பயண இன்ஷூரன்ஸ் மட்டும்தானா? விண்ணப்பத்தின் தேதி மூன்று மாதத்தைத் தாண்டியிருக்கிறதா? விலக்கு அளித்து அந்த நிறுவனம் அனுப்பிய முடிவுக் கடிதத்தில் ‘ஒரு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம்’ என்ற குறிப்பு இருக்கிறதா? அந்தக் குறிப்பு இல்லையென்றால் ஆட்சேபிக்க ஓர் ஆண்டு கிடைக்கும். இவற்றில் ஏதாவது ஒன்று அமைந்தால் அங்குள்ள சமூகக் காப்பீட்டுச் சட்ட வழக்கறிஞர் ஒருவர் பேசிப் பார்க்கலாம். ஜெயித்தால் முதல் நாளிலிருந்தே பப்ளிக். பழைய மாதங்களுக்கான சந்தாவைச் சேர்த்துக் கட்ட வேண்டும், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,740 யூரோ. அதைக் கட்டினால் 5,900 யூரோ பில்லை அந்தப் பக்கம் தள்ள வழி பிறக்கும். கணக்கு லாபம்தான். ஆனால் இது வெறும் வாதம்தான், இதை நம்பி இன்றைய பிரைவேட்டை ரத்து செய்துவிடாதீர்கள். அந்தப் பப்ளிக் நிறுவனத்திடம் தாளைக் கேட்டு எழுத வேண்டியது மகன். அவர் 24 வயது மேஜர். அப்பா கேட்டால் அங்கே ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சரி, இனி நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன்.

திரும்பப் பெற முடியாது என்று கேள்விப்பட்டதும் பிள்ளைகள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிப்பார்கள். வேறொரு பப்ளிக் நிறுவனத்தின் இணையப் படிவத்தைத் திறப்பார்கள். அதில் ‘கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்கு பெற்றவரா?’ என்று ஒரு கேள்வி வரும். ‘இல்லை’ என்று டிக் அடித்துவிடுவார்கள். அட்டை வந்துவிடும், பல்கலைக்கழகத்துக்கு மின்னணுத் தகவலும் போய்விடும். வாட்ஸ்அப் குழுவில் ‘எனக்கு வேலை செஞ்சது’ என்று ஒருவர் போடுவார், பத்துப் பேர் பின்னாலேயே போவார்கள். கூடவே பிரைவேட்டை ரத்து செய்வார்கள், இரண்டுக்கும் எதற்குக் காசு என்று. என்னிடம் வந்த ஒரு கோப்பில் இப்படி இரண்டு செமஸ்டர் ஓடியது. பிறகு பழைய விலக்கு வெளியே வந்தது. புதிய உறுப்பினர் நிலையை முதல் தேதியிலிருந்தே ரத்து செய்தார்கள், வைத்தியத்துக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பிரைவேட்டும் கையில் இல்லை. அந்த ஓராண்டு முழுக்க அந்தப் பையனுக்கு எந்தக் காப்பீடும் இல்லாமல் போனது. அதற்குள் அந்த அட்டையைக் காட்டி விசாவும் நீட்டியிருந்தார். பணப் பிரச்சினையாக இருந்தது வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொய்த் தகவல் கொடுத்த பிரச்சினையாக மாறிவிட்டது. அதோடு ஒப்பிட்டால் 5,900 யூரோ ஒன்றுமே இல்லை. உங்கள் மகன் இதை ஏற்கெனவே செய்துவிட்டாரா என்று இன்றைக்கே, கோபப்படாமல் கேளுங்கள். செய்திருந்தால் எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள். அங்குள்ள வழக்கறிஞரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

அப்புறம் உங்கள் மெயில். ‘ப்ளஸ் டூவில் வந்தது, குணமாகிவிட்டது, இது அநியாயம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவாகப் பார்த்தால் அது நியாயத்தைக் கேட்கும் கடிதம். கம்பெனியின் வக்கீல் அதை ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் படிப்பார். ஜெர்மானிய காப்பீட்டு ஒப்பந்தச் சட்டப்படி, கம்பெனி எழுத்தில் கேட்ட கேள்விக்குத்தான் விண்ணப்பதாரர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். கேட்காததைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்ட முடியாது. ஆகவே பார்க்க வேண்டியது படிவத்தை. உடல்நலக் கேள்வி இருந்ததா? இருந்தால் ‘இல்லை’ என்று டிக் அடித்தது மகனா, கன்சல்டன்சி ஊழியரா? கேள்வியே இல்லாத மலிவுத் திட்டம் என்றால், ‘முன்பே இருந்த நோய்க்குப் பணம் இல்லை’ என்ற விதி எந்த வார்த்தைகளில் இருக்கிறது? பழைய கல்லும் புதிய கல்லும் ஒரே நோயா என்பது மருத்துவரின் கடிதம் தீர்மானிக்க வேண்டியது. அதை உங்கள் மெயில் தீர்மானித்துவிடக் கூடாது. பொய் சொல்லச் சொல்லவில்லை. படிவத்தைப் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள் என்கிறேன். பெர்லினில் பிரைவேட் மருத்துவக் காப்பீட்டுக்கு ஓர் ஆம்புட்ஸ்மன் (புகார்களை விசாரிக்கும் நடுவர்) இருக்கிறார், கட்டணம் இல்லை. கம்பெனி அந்த அமைப்பில் சேர்ந்ததா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

ஆஸ்பத்திரி பில்லுக்கு வருவோம். ‘நம்ம ஊரில் அறுபதாயிரத்தில் முடியும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முடியலாம், ஆனால் அங்கே உள்நோயாளி சிகிச்சைக்கு நோய்வகை வாரியாக விலை நிர்ணயம் உண்டு, பேரத்துக்கு இடமில்லை. தலைமை மருத்துவரே பார்க்க வேண்டும் என்று தனியாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த மருத்துவர் கட்டணப் பகுதியை மட்டும் சரிபார்க்கலாம். மற்றபடி தவணை கேளுங்கள். மாதம் 200 யூரோ என்று எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

தவணை கேட்காமல் கம்பெனியோடு சண்டை முடியட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் மஞ்சள் உறை வரும். பணத்தைக் கட்டச் சொல்லும் நீதிமன்ற உத்தரவு அதில்தான் வருகிறது. தபால்காரர் பெட்டியில் போட்டாலே சேர்ந்ததாகக் கணக்கு. இரண்டு வாரத்துக்குள் ஆட்சேபிக்காவிட்டால் அடுத்து அமலாக்க உத்தரவு, அதற்கும் இரண்டு வாரம். அதையும் விட்டுவிட்டால் 30 ஆண்டு உயிரோடிருக்கும் தீர்ப்பு. மாணவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு அறை மாறுவார்கள், பெட்டியில் பழைய பெயரே ஒட்டியிருக்கும். வங்கிக் கணக்கு முடங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்து என்னிடம் வருவார்கள். அப்போது நான் செய்ய அதிகம் இருக்காது.

விசாவுக்கு இன்றைய 35 யூரோ திட்டத்தை நம்ப வேண்டாம். பப்ளிக்குக்கு நிகரான முழு பிரைவேட் மாணவர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதில் உடல்நலக் கேள்வி கட்டாயம் வரும். இந்த முறை கல்லை மறைக்கக் கூடாது. கூடுதல் பிரீமியம் கேட்டால் கொடுங்கள். யாருமே எடுக்காவிட்டால் மறுக்க முடியாத அடிப்படைத் திட்டம் ஒன்று சட்டத்தில் உண்டு, ஆனால் 2025இல் அதன் உச்ச வரம்பு மாதம் 900 யூரோவுக்கு மேல். பிளாக்ட் அக்கவுன்டில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு மாதாமாதம் எடுக்கும் கணக்கு) மாதம் 992 யூரோ எடுக்கும் பையனுக்கு அதை நான் எப்படிச் சிபாரிசு செய்வேன்?

கன்சல்டன்சி மேல் வழக்கு போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஈரோட்டிலேயே போடலாம், இரண்டு ஆண்டு காலவரம்பு. ‘35 யூரோவில் முடித்துத் தருகிறோம்’ என்பதற்கு எழுத்து இருக்கிறதா? வாட்ஸ்அப் செய்தி போதும், போனில் சொன்னது போதாது. இருந்தாலும் எனக்கு நீங்கள் கட்டணம் கொடுத்து இரண்டு மூன்று வருடம் அலைவதைவிட ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிச் சமரசம் செய்துகொள்வது மேல். வாங்கிய சேவைக் கட்டணத்தையும் அதற்கு மேல் ஒரு லட்சமோ ஒன்றரை லட்சமோ கொடுத்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். 5,900 யூரோவையும் கேட்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் ‘கையெழுத்துப் போட்டது உங்கள் மகன்’ என்ற ஒரே வரியில் அவர்கள் இழுத்தடிப்பார்கள், அந்த வரியும் பொய்யில்லை. பணம் வங்கியில் ஏறும்முன் ‘இனி கோரிக்கை ஏதுமில்லை’ என்ற தாளில் மட்டும் நீங்களோ மகனோ கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாத அனுமதி தருவார்கள். அந்த மாதங்களில் அவர் மாணவரும் இல்லை, ஊழியரும் இல்லை. பப்ளிக் எடுத்துக்கொள்ளாது, பிரைவேட்டைத் தொடர வேண்டியதுதான். ஆண்டுக்கு 73,800 யூரோவுக்குக் கீழே (இது 2025 வரம்பு) முழுநேர வேலையில் சேர்ந்தால் பப்ளிக் தானாகவே கட்டாயமாகும். வேலையில் சேர்ந்து பப்ளிக் தொடங்கிய பிறகு பிரைவேட்டை நிறுத்தட்டும், அதற்கு ஒரு நாள் முன்னால்கூட வேண்டாம்.

விலக்குக் கடிதம், விண்ணப்பப் படிவம், பில், கம்பெனியின் மறுப்புக் கடிதம், கன்சல்டன்சி வாட்ஸ்அப் ஆகியவற்றை மகனே ஸ்கேன் செய்து அனுப்பட்டும். இன்று மாலை அவர் போய்ப் பழைய அறையின் தபால் பெட்டியையும் பார்த்துவிட்டு வரட்டும்.