வில்லுச் சதுப்பை மூடினால் எலிக்காய்ச்சல் ஏன் கூடுகிறது?

கேள்வி: "எங்கள் வயலுக்குத் தெற்கே இருந்த வில்லில் (மாரி வெள்ளம் தேங்கும் தாழ்ந்த சதுப்பு நிலத்தில்) பாதியை மண் கொட்டி நிரப்பிவிட்டார்கள். மிச்சப் பாதியில் கோழிக்கடைக் கழிவும் சந்தைக் குப்பையும் விழுகிறது. முன்பு இரண்டு மூன்று நாளில் வடிந்த வெள்ளம் இப்போது கிழமைக்கணக்கில் நிற்கிறது. எலியும் பெருகிவிட்டது. போன மாரியில் எங்கள் வட்டையில் (வயல் தொகுதியில்) இரண்டு பேருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? பெரும்போகத்துக்கு என் கணவரும் மகனும் வயலில் இறங்குமுன் என்ன செய்ய வேண்டும்?" (மட்டக்களப்பு மண்டூர்ப் பகுதி வாசகி)

தொடர்பு உண்டு. நீங்கள் எழுதிய மூன்றும், அதாவது நிரப்பிய வில்லு, குப்பை, வடியாத வெள்ளம் ஆகியவை எலிக்காய்ச்சலுக்கு வழி திறந்துவிடும் காரணங்கள்தான்.

எலிக்காய்ச்சலை உண்டாக்குவது லெப்டோஸ்பைரா என்னும் பக்டீரியா. அது எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு அதனால் நோய் வராது. மாதக்கணக்கில் சிறுநீரோடு கிருமியைக் கழித்துக்கொண்டே திரியும். மாடு, எருமை, நாய் ஆகியவையும் இதைக் காவும். காய்ந்த மண்ணிலும் வெயிலிலும் கிருமி சீக்கிரம் செத்துவிடும். ஆனால் ஈரச் சேற்றிலும் தேங்கிய நன்னீரிலும் கிழமைக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மனித உடலுக்குள் அது புகுவது கால் வெடிப்பு, சேற்றுப்புண், மண்வெட்டி பட்ட கீறல் வழியாக. கண், மூக்கு, வாயின் மென்மையான தோல் வழியாகவும் புகும். நெடுநேரம் தண்ணீரில் ஊறிய தோலே அதற்குப் போதும்.

இனி வில்லைப் பாருங்கள். மாரி வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல ஆற்றுக்கும் வாவிக்கும் விடுவது அதன் வேலை. அதை நிரப்பினால் அந்தத் தண்ணீர் உங்கள் வயலில்தான் நிற்கும். குப்பை எலிக்குச் சோறு போடுகிறது. வில்லோரப் பற்றைகளிலும் மருத மரப் பொந்துகளிலும் இருந்த நரி, கீரி, சாரை, கூகை எல்லாம் இடமில்லாமல் போய்விடும். ஒரு காடோ சதுப்போ அழியும்போது எல்லா விலங்கும் ஒரேயளவாக அழிவதில்லை. எலியைத் தின்னும் விலங்குகள் முதலில் மறையும். மனிதரை அண்டிப் பிழைக்கும் எலியும் கட்டாக்காலி நாயும் பெருகும். மனிதருக்கு நோய் காவும் விலங்குகளில் பல இப்படி எங்களோடு ஒட்டி வாழப் பழகியவை. மேய்ச்சல் தரை குறையும்போதும் இதே கதைதான்: மாடுகள் குளத்தங்கரையிலும் அறுவடையான வயலிலும் நெருக்கமாகக் கிடக்கும், அவற்றின் சிறுநீர் நீங்கள் இறங்கும் தண்ணீரிலேயே கலக்கும்.

2008இல் இலங்கையில் எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 7,000ஐத் தாண்டினார்கள். அவர்களில் கமக்காரர் ஏராளம். ஆகவே போன மாரியில் வந்ததைத் தற்செயல் என்று விட்டுவிடாதீர்கள்.

வயலில் இறங்குமுன்

முதலில் குளிசை. டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குளிசை இரண்டு, கிழமைக்கு ஒருமுறை. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ இலவசமாகக் கிடைக்கும். சேற்றில் கால் வைத்த பிறகு ஓடித் தேடாமல், உழவு தொடங்குமுன்பே பெயர் கொடுத்து வாங்கி, இறங்குமுன்பே முதல் தடவை குடிக்கத் தொடங்க வேண்டும். சேற்றுவேலை நடக்கும் காலம் முழுக்க, ஒரே கிழமை நாளில், வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமையே எடுங்கள். பலர் இரண்டு கிழமை குடித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதன்பிறகு அந்த மருந்தால் பாதுகாப்பில்லை.

சாப்பிட்ட பின், ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுத்தால் குளிசை தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருங்கள். பாலோடும், இரும்புச் சத்துக் குளிசையோடும், வயிற்றெரிவு மருந்தோடும் சேர்த்து எடுத்தால் மருந்து உடலில் சரியாகச் சேராது. இதைக் குடிப்பவர்களுக்கு வெயிலில் தோல் எரியலாம். நீளக்கைச் சட்டையும் தொப்பியும் போடட்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வைத்தியரைக் கேளாமல் கொடுக்கக் கூடாது. குளிசை குடித்தவருக்கும் எலிக்காய்ச்சல் வரலாம். அது ஆபத்தைக் குறைக்கிறது, முழுக்கத் தடுப்பதில்லை.

காலில் புண் இருந்தால் அது ஆறும்வரை சேற்றில் இறங்காமல் இருப்பதே நல்லது. முடியாவிட்டால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி இறங்க வேண்டும். பூட்ஸ் வாய்க்கால் துப்புரவுக்கும் வெள்ளம் வடிந்த வளவைக் கூட்டுவதற்கும் உதவும். ஆழச் சேற்றில் அது உள்ளே தண்ணீர் வாங்கி, காலை இன்னும் ஊறவைக்கும். அங்கே அதை நம்ப வேண்டாம். ஆபத்துக் கூடிய வேலை வரம்பு செதுக்குவதும் கட்டுவதும்தான், ஏனென்றால் எலி வளை இருப்பது அங்கே. அந்த வேலைக்குக் கையுறை போடச் சொல்லுங்கள். வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவுவது, வாய் கொப்பளிப்பது, வெற்றிலைக்கு முன் கை அலம்புவது, இவை மூன்றும் வழக்கமாகிப் போனதால் யாரும் ஆபத்தென்று எண்ணுவதில்லை. ஒரு கலனில் கொதித்தாறிய தண்ணீர் கொண்டுபோகட்டும். வாடியில் சோற்றுப் பொதியை மூடி போட்ட பாத்திரத்தில் வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, கால்விரல் இடுக்கை நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும்.

காய்ச்சல் வந்தால்

கிருமி புகுந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் தொடங்கும். 2 நாளிலும் வரலாம், 30 நாள் கழித்தும் வரலாம். திடீரென்று கடும் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலைத் தொட்டாலே வலி, இடுப்பு நோவு, பீழை இல்லாமல் சிவந்த கண்: இவை சேர்ந்து வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. மட்டக்களப்பில் இதே மாரிக் காலத்தில் டெங்கும் வருவதால் இரண்டும் குழம்பும். ஆகவே வைத்தியரிடம் போனதும் முதல் வசனமாகவே "வயல் சேற்றில் வேலை செய்தேன்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல் சிகிச்சையின் திசையை மாற்றும். முதல் கிழமையில் இரத்தத்தில் எதிருடல் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்) பார்க்கும் சோதனை பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. சோதனை முடிவுக்காகக் காத்திராமல் வைத்தியர் மருந்து தொடங்குவதற்கு அதுதான் காரணம்.

காய்ச்சலுக்கு பரசிற்றமோல் மட்டும். உடல் நோவு தாங்கவில்லை என்று டைக்குளோபெனாக், இபுபுரோபன் வாங்கிப் போட்டால் சிறுநீரகத்துக்குக் கேடு. டெங்காக இருந்தால் இரத்தக்கசிவும் கூடும்.

இன்னொரு பொறி உண்டு. நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கி, ஓரிரு நாள் சுகமாய் இருப்பதுபோல் தெரியும். "ஆள் தேறிட்டார்" என்று நினைத்து வயலுக்கு அனுப்பிவிடுவார்கள். பலருக்குச் சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் பாதிக்கப்படுவது அதற்குப் பிறகுதான். சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ, இருமும்போது இரத்தம் வந்தாலோ இரவென்றும் பாராமல் ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள்.

எலியும் வரம்பும்

விஷம் வைப்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். தனியொரு வயலில் விஷம் வைத்தால் அடுத்த வயல் எலி அந்த இடத்துக்கு வந்துவிடும். எலி ஏறக்குறைய மூன்று கிழமை சினைப்பட்டு குட்டி ஈனும். விஷம் தின்ற எலியைத் தின்னும் கூகையும் சாகும். மின்கம்பி இழுப்பது வேண்டவே வேண்டாம். அதில் மனிதர் செத்திருக்கிறார்கள்.

பலன் தருவது ஒன்றாகச் செய்யும் வேலை. உள்வரம்புகளின் அகலத்தை 30 சென்டிமீற்றருக்குள் வைத்தால் எலியால் வளை தோண்டிக் குடியிருக்க முடியாது. வட்டை முழுக்க இரண்டு கிழமைக்குள் விதைத்து முடித்தால் எலிக்கு நெல் கிடைக்கும் காலம் சுருங்கும். வளை தோண்டிப் பிடிப்பது, பொறி வைப்பது எல்லாம் விதைப்பை ஒட்டிய முதல் கிழமைகளில், எலித்தொகை குறைவாக இருக்கும்போது நடக்க வேண்டும். கதிர் வெளிவருமுன் தண்டு பருக்கும் குடலைப் பருவத்தில் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது. செத்த எலியை வெறுங்கையால் தூக்காமல் பொலித்தீன் பையைக் கையில் மாட்டி எடுத்துப் புதையுங்கள்.

வயலில் இரவில் கூகை உட்கார உயரமான குறுக்குத்தடி வைத்த கம்புகளை ஆங்காங்கே நடலாம். கதிர் பால்பிடிக்கும்போது பிடுங்கிவிடுங்கள், இல்லையேல் நெல் தின்னும் பறவைக்கு உதவும். கூகை கத்தினால் சாவு வரும் என்று கல்லெறிகிறோம். அது இரவில் தின்பது எலியை. சாரைப்பாம்பையும் அடித்துவிடாதீர்கள்.

வில்லும் குப்பையும்

குளிசை உங்கள் கணவருக்கும் மகனுக்கும் இந்தப் போகத்தில் ஆபத்தைக் குறைக்கும். அடுத்த போகத்திலும் அதையே தேட வேண்டியிராமல் செய்வது வடிகாலும் குப்பை நிறுத்தமும்தான். கோழிக்கடைக் கழிவு எலியை மட்டுமல்ல, நாயையும் கூட்டுகிறது. அது நீர்வெறுப்பு நோய்க்கு வழி. நாய் கடித்தால் 15 நிமிடம் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவி அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குப்பைமேடு காட்டு விலங்கை எவ்வளவு நெருக்கத்துக்கு இழுக்கும் என்பதற்கு அம்பாறைப் பள்ளக்காட்டில் பிளாஸ்டிக் தின்று செத்த யானைகளே சாட்சி.

செய்ய வேண்டியது இது. கழிவு கொட்டப்படும் இடம், நாள், வாகனம் தெரியும் படங்களோடு பிரதேச சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் எழுத்தில் முறையிடுங்கள். எலிக்காய்ச்சல் அறிவிக்கப்பட வேண்டிய நோய் ஆகையால், போன மாரியில் இரண்டு பேருக்கு வந்ததையும் அதில் எழுதுங்கள். நிரப்பப்பட்டதில் வயற்காணி ஏதும் இருந்தால் கமநல சேவை நிலையத்துக்கு அறிவியுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி வயலை நிரப்ப முடியாது. பெரும்போகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், வட்டையின் வயல் வேலைகளைக் கவனிக்கும் வட்டவிதானையையும் கமக்காரர் அமைப்பையும் சேர்த்துக்கொண்டு இரண்டு தீர்மானங்களைக் கேளுங்கள்: மாரி தொடங்குமுன் வடிச்சல் வாய்க்காலைத் தூர்வாருவது, வில்லின் மிச்சப் பாதிக்கு எல்லைக்கல் போடுவது. கூட்டக் குறிப்பில் அவை எழுதப்பட்டனவா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள்.