ஒரு கிரிப்டோ காயின் வேறொன்றைக் காப்பியடித்த மோசடி என்று பணம் போடும் முன்பே கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி கேட்ட விதத்திலேயே தெரிகிறது, யாரோ வேண்டப்பட்டவர் உங்களுக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பி "சும்மா வாசிச்சுப் பாருங்க" என்றிருக்கிறார். மைத்துனராக இருக்கும், இல்லாவிட்டால் கூட வேலை பார்ப்பவர். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லச் சங்கடப்பட்டு இங்கே வந்து கேட்கிறீர்கள். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். எனக்குத் தெரிந்து மாட்டியவர்கள் எல்லாரும் இப்படித்தான் மாட்டினார்கள்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, ட்ரேடிங் செய்பவனும் இல்லை. மார்த்தாண்டத்தில் 18 வருஷமாக டிடிபி சென்டர் நடத்துகிறேன். கல்யாண கார்டு, இரங்கல் நோட்டீஸ், சபை ஆண்டறிக்கை, அவ்வப்போது மொழிபெயர்ப்பு. "டிடிபிக்காரனுக்கு பிளாக்செயின் பற்றி என்ன தெரியும்?" என்று கமெண்டில் வரப்போகிறவர்கள் தாராளமாக வரலாம். பிளாக்செயின், அதாவது கொடுக்கல் வாங்கலையெல்லாம் பல கம்ப்யூட்டரில் ஒரே மாதிரி எழுதி வைக்கும் பதிவேடு, எனக்கு அரைகுறைதான். ஆனால் காப்பி என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும், என் பிழைப்பில் பாதி அதுதான்.

ஒரு வீட்டில் துக்கம் என்றால் ராத்திரி 11 மணிக்கு வந்து ஷட்டரைத் தட்டுவார்கள். விடிவதற்குள் நோட்டீஸ் வேண்டும். போன வாரம் அடித்த ஃபைலைத் திறந்து பெயரையும் போட்டோவையும் மாற்றிக் கொடுப்போம், எல்லாக் கடையிலும் இதுதான் நடக்கிறது. ஒருமுறை அப்படி எல்லாவற்றையும் மாற்றினேன், கீழே மருமக்கள் வரிசையில் பழைய குடும்பத்து மருமகன் ஒருவர் மட்டும் அப்படியே நின்றுவிட்டார். 200 நோட்டீஸ் ஒட்டி முடிந்த பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெரியவர் அடக்கம் முடிந்து கடைக்கு வந்தார். சத்தமே போடவில்லை. நோட்டீஸை மேசையில் விரித்து வைத்து, "இது ஆருக்க மருமோன் பிள்ளே?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் என் கண் முதலில் பழைய மருமகனைத்தான் தேடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2021 நவம்பர். தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையன், குவைத்திலிருந்து திரும்பி வந்தவன், பென்டிரைவோடு வந்தான். ஒரு காயினின் ஒயிட் பேப்பர், அதாவது காயின் எதற்கு, எப்படி ஓடும், யார் நடத்துகிறார்கள் என்று சொல்லும் அறிக்கை. சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளிவந்த பிட்காயின் அறிக்கை மொத்தமே 9 பக்கம். இவனுடையது 34 பக்கம். தோட்டத்தில் உறை ஊற்றி எடுக்கும் ரப்பர் ஷீட்டை டயர் கம்பெனி வரைக்கும் பிளாக்செயினில் பின்தொடரப் போகிறார்களாம், நடுவில் புரோக்கரே கிடையாதாம். தமிழில் மொழிபெயர்த்துப் புத்தகமாக அடித்துத் தர வேண்டும். பக்கத்துக்கு 200 ரூபாய், பாதி ரொக்கம், பாதி அவர்களுடைய காயின். கொரோனா முடிந்து கடையில் வாடகைக்கே தட்டுப்பாடு. சரி என்றேன்.

11-ஆம் பக்கத்தில் ஒரு சொல் இடறியது. ஆங்கிலத்தில் சப்போர்ட் என்று இருக்க வேண்டிய இடத்தில் முன்பாதி மட்டும் இருந்தது, பின்பாதியில் இவர்களுடைய காயின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கம் தள்ளி ரிப்போர்ட்டுக்கும் அதே கதி. டைப்பிங் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். யாரோ ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் கொடுத்திருக்கிறான், முழுச் சொல்லை மட்டும் மாற்று என்கிற கட்டத்தில் டிக் போடவில்லை. ஆக, அசல் ப்ராஜெக்டின் பெயரில் 'போர்ட்' இருந்திருக்கிறது. 19-ஆம் பக்கத்தில் ஒரு வரைபடம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை ரீப்ளேஸ் தொடாது இல்லையா? அதில் கன்டெய்னர், கஸ்டம்ஸ், கப்பல் ஏஜென்ட் என்று வரிசையாகக் கட்டம் போட்டிருந்தது. அருமனைத் தோட்டத்து ஷீட்டுக்கு எதற்குக் கப்பல் ஏஜென்ட்? ஃபைலின் ப்ராப்பர்டீஸைத் திறந்தேன். உருவாக்கிய வருஷம் 2018, உருவாக்கியவர் வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டுப் பெயர். நடுப்பக்கத்திலிருந்து கொஞ்சம் விசித்திரமான ஒரு வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடினேன். இரண்டாவது முடிவிலேயே அசல் கிடைத்தது. ஒரு கப்பல் சரக்கு ப்ராஜெக்ட். வரிக்கு வரி அதேதான். எல்லாம் சேர்த்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி இந்தப் பத்தியிலேயே இருக்கிறது. இது ஏதோ என் ஒருத்தனுக்கு அமைந்த அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். 2018-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை 1,450 காயின்களின் ஆவணங்களை அலசியபோது 271-இல் திருட்டு வாசகம், உத்தரவாத லாபம், இல்லாத ஆட்கள் என்று ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. அதே வருஷம் மிரோஸ்கி என்றொரு ப்ராஜெக்ட், ஹாலிவுட் நடிகர் ரயன் காஸ்லிங்கின் போட்டோவைப் போட்டு இவர்தான் எங்கள் கிராஃபிக் டிசைனர் என்று வேறு பெயர் கொடுத்திருந்தது! குழு உறுப்பினர்கள் என்று போட்டிருக்கும் முகங்களை ஒவ்வொன்றாக கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். எங்கள் ரப்பர் காயினின் 'தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி', விலைக்குப் போட்டோ விற்கும் தளம் ஒன்றில் பல் டாக்டராக நின்றார்.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் அசரவே இல்லை. "அண்ணா, இதொக்க ஓப்பன் சோர்சாக்கும். பிட்காயினைப் பாத்துத்தானே லைட்காயினே செஞ்சான்? அது இப்ப என்ன விலை பாத்தியளா?"

ஓப்பன் சோர்ஸ் என்றால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்த நிரல், அதாவது ப்ரோக்ராம். அவன் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. லைட்காயின் பிட்காயின் நிரலிலிருந்துதான் வந்தது. 2011-இல் சார்லி லீ செய்தது. மொத்த எண்ணிக்கையை 2.1 கோடியிலிருந்து 8.4 கோடியாக்கி, 10 நிமிஷத்துக்கு ஒன்றாகப் பதிவேட்டில் சேரும் பிளாக்கை (கணக்குக் கட்டு) இரண்டரை நிமிஷத்துக்கு ஒன்றாக்கினார். ஆனால் அவர் அதை மறைக்கவில்லை. இன்றைக்கும் லைட்காயின் நிரலோடு இருக்கும் உரிமக் கோப்பைத் திறந்தால் தங்கள் பெயரோடு பிட்காயின் டெவலப்பர்கள் என்றும் போட்டிருக்கிறார்கள். பிட்காயினின் எம்ஐடி உரிமம் கேட்பதும் அவ்வளவுதான்: எடுத்துக்கொள், என்ன வேண்டுமானாலும் செய், எங்கள் பெயர் இருக்கும் வரியை மட்டும் அழிக்காதே. அங்கே பழைய மருமகனை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். மோசடிக்காரன் முதலில் அழிப்பது அந்த வரியைத்தான். நிரல்களைப் பொதுவில் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் போய்ப் பாருங்கள். மாசக்கணக்கில் பலர் கைபட்டுத் திருத்தித் திருத்தி வளர்ந்த நிரலா, இல்லை ஒரே நாளில் ஒரே ஆள் மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டியதா? கமிட் வரலாற்றை, அதாவது யார் எப்போது திருத்தினார்கள் என்ற பட்டியலைப் பார்க்க நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, தேதி வாசிக்கத் தெரிந்தால் போதும்.

காப்பியடித்தாலே மோசடி என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2018 ஜனவரியில் ட்ரான் என்ற காயினின் அறிக்கையில் சில பகுதிகள் ஐபிஎஃப்எஸ், ஃபைல்காயின் என்ற வேறு ப்ராஜெக்டுகளின் ஆவணங்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்று குற்றச்சாட்டு வந்தது. சீன மூலத்தில் மேற்கோள் விவரம் இருந்தது, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தன்னார்வலர்கள் விட்டுவிட்டார்கள் என்று அதன் நிறுவனர் ஜஸ்டின் சன் விளக்கம் கொடுத்தார். ட்ரான் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் கவனித்தது ஒன்றுதான், பழி கடைசியில் மொழிபெயர்த்தவன் தலையில் வந்து விழுந்தது.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. எழுத்து வேலைக்கு நம்மூரில் மரியாதையே இல்லை. ப்ரூஃப் கொடுத்தால் வாசிக்கமாட்டார்கள், "நீங்க பாத்தா போதும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு சாயா குடிக்கப் போய்விடுவார்கள். மாப்பிள்ளையின் இனிஷியல் மாறிவிட்டால் மட்டும் பத்துப் பேராக வந்து நிற்பார்கள். நான் யோசித்து யோசித்துச் செய்த கார்டை போனில் படம் எடுத்துப் போய் அடுத்த கடையில் 50 பைசா குறைவாக அடித்துக்கொள்வார்கள். பழைய ஃபான்டில் அடித்த நூறு பக்கத்தைக் கொண்டுவந்து, "யூனிகோடாக்கணும், ஒரு பட்டன் அமுக்கினா போதும்லா?" என்பார்கள். அந்தப் பட்டனை அமுக்கினால் கொம்பும் காலும் எங்கெங்கே போய் விழும் என்று எனக்குத்தான் தெரியும். சரி, விடுங்கள்.

இனிதான் எனக்கு எழுதக் கூசும் பகுதி. கண்டுபிடித்தேன் என்றேனே, பிறகு என்ன செய்தேன்? மொழிபெயர்த்துக் கொடுத்தேன். 3,400 ரூபாய் ரொக்கம் வாங்கினேன். அதோடு நிற்கவில்லை. உடைந்த சொற்களையெல்லாம் சரிசெய்தேன். 19-ஆம் பக்கப் படத்தைப் புதிதாக வரைந்து, கப்பல் ஏஜென்டை எடுத்துவிட்டு 'ரப்பர் சொசைட்டி' என்று போட்டேன். யாரும் கேட்கவில்லை, கை தானாகவே செய்தது. தப்பும் தவறுமாகக் கடையிலிருந்து ஒரு தாள் வெளியே போகக்கூடாதே! பொய்க்குப் ப்ரூஃப் பார்த்துக் கொடுத்தவன் நான்.

2022 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி என்று அறிவித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு மண்டபத்தில் ரப்பர் காயின்காரர்களின் கூட்டம். "சர்க்காரே வரி போட்டாச்சு, இனி எவன் கள்ளம்னு சொல்லுவான்?" என்று மேடையில் பேசினார்களாம். வரி போடுவதும் அங்கீகாரம் கொடுப்பதும் வேறு வேறு என்று எழுந்து சொல்ல அந்த மண்டபத்தில் ஆளில்லை. மே மாசம் டெர்ரா லூனா என்ற பெரிய காயின் சரிந்து உலகம் முழுக்க விலை விழுந்தபோது இவர்களுக்கு நல்ல சாக்குக் கிடைத்தது: மார்க்கெட் சரியில்லை, பொறுமையாக இருங்கள். உண்மையில் இவர்களுடைய ரப்பர் காயினை வாங்க முடியும், விற்க முடியாது. நிரலிலேயே அப்படிப் பூட்டு. 2021 நவம்பர் 1-ஆம் தேதி ஸ்க்விட் கேம் என்ற தொடரின் பெயரில் ஓடிய காயின் 2,861 டாலர் வரை ஏறி சில நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் போனதே, வாங்கியவர்கள் விற்க முடியாமல் தவித்தார்களே, அதே வித்தை. நான் 11-ஆம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே மாசம். ஆகவே வாங்கியே தீருவேன் என்றால், ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி அன்றைக்கே விற்றுப் பணத்தை பாங்குக் கணக்கில் பாருங்கள். விற்க முடிந்துவிட்டது என்பதற்காக நல்ல காயின் என்று ஆகிவிடாது, முடியாவிட்டால் மட்டும் மோசடிதான், சந்தேகமே வேண்டாம். பிஎஸ்சிஸ்கேன், ஈதர்ஸ்கேன் மாதிரியான தளங்களில் யாரிடம் எவ்வளவு காயின் இருக்கிறது என்ற பட்டியல் வரும். இந்தக் காயினில் முதல் மூன்று வாலட்டில் (காயின் வைத்திருக்கும் கணக்கு) மட்டும் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தது. நான் அதைப் பார்த்தது ஜூனில்.

ஜூனில் ஏன் பார்த்தேன் என்றால், கடையாலுமூட்டிலிருந்து சித்தப்பா கடைக்கு வந்தார். 27 வருஷம் பால்வெட்டி முடிந்த ரப்பர் மரங்களை முறித்து விற்ற பணம், அதில் 3 லட்சத்தை இதில் போட்டிருக்கிறார். புதுக் கன்று வைத்தால் பால் எடுக்க ஏழு வருஷம், அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு இருந்த பணம் அது. மஞ்சள் பையிலிருந்து நான் அடித்த புத்தகத்தை எடுத்தார். பென்சிலால் கோடு போட்டு வாசித்திருந்தார், 19-ஆம் பக்கத்து ஓரம் மடக்கி வைத்திருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சித்தப்பா?"

"எதுக்கு மக்களே கேக்கணும்? உனக்க கடைப் பேரு பின்னால போட்டிருக்குல்லா. வேற ஆளுவ கொண்டுவாற தாளு ஒண்ணும் எனக்கு மனசிலாவாது. இது வாசிச்சப்ப நல்லா மனசிலாச்சு. கள்ளத்தரம்னா இப்பிடித் தெளிவா எழுத முடியுமா?"

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அடித்தோம், சைபர் க்ரைம் தளத்தில் புகாரும் பதிவு செய்தோம். பணம் போனவுடனே அடித்தால் போகிற வழியில் முடக்க வாய்ப்பு உண்டு, நாங்கள் அடித்தது நாலு மாசம் கழித்து, அதுவும் கையில் எண்ணிக் கொடுத்த ரொக்கத்துக்கு. பையன் திரும்பவும் வெளிநாடு போய்விட்டான். மாசம் 4,000 வீதம் நான் சித்தப்பாவுக்குக் கொடுக்கிறேன், கண்ணாடி பவர் கூட்டிய செலவு என்று வீட்டில் பொய்க் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நல்லவன் வேஷம் என்று எழுத வருபவர்கள் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வந்த பிடிஎஃப்பை வேண்டுமானால் எனக்கு அனுப்புங்கள், காசு வேண்டாம், பார்த்துச் சொல்கிறேன். ஆனால் இங்கிலீஷ் மூலத்தை வாங்கி அனுப்புங்கள். தமிழ்ப் பிரதி மட்டும்தான் இருக்கிறது என்றால் அனுப்ப வேண்டாம், அதில் ஒன்றும் அகப்படாது. என்னைப் போல ஒருத்தன் ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்திருப்பான்.