அந்தக் கால பேஸ் ஒலிக்கு எந்த ஸ்ட்ரிங்?

கேள்வி: பழைய ஃபெண்டர் ப்ரிஸிஷன் மாடலில் ஒரு பேஸ் கிட்டார் வாங்கியிருக்கிறேன். அறுபதுகளின் மோட்டவுன் (அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனி) பாடல்களில் வரும் அந்த உருண்டையான ‘தும் தும்’ ஒலி வேண்டும். என்னுடையதோ கணீர் கணீரென்று ஒலிக்கிறது. டோன் குமிழைக் குறைத்தாலும் சத்தம் மங்குகிறதே தவிர அது வரவில்லை. பிக்கப்பை மாற்றிவிடலாமா?

பதில்: பிக்கப்பில் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பகுதி) இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். முதலில் ஸ்ட்ரிங்கைப் பாருங்கள். நகத்தால் நீளவாக்கில் உரசும்போது ‘சர்ர்’ என்று சத்தம் வந்தால் அது ரவுண்ட்வவுண்ட். நடுவில் எஃகுக் கம்பி, அதன்மேல் உருண்டைக் கம்பிச் சுற்று. நீங்கள் கேட்கும் பாடல்களில் இருப்பது ஃப்ளாட்வவுண்ட். அதன் மேல்சுற்று தட்டையான பட்டைக் கம்பி என்பதால் விரலுக்கு வழவழவென்று இருக்கும்.

லியோ ஃபெண்டர் 1951-இல் ப்ரிஸிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது, பேஸ் என்றாலே வயலின் குடும்பத்து ஆளுயர டபுள் பேஸ்தான். அதில் பலர் விலங்குக் குடலில் செய்த தந்தி போட்டிருந்தார்கள். காந்தப் பிக்கப்பின் முன் குடல் தந்தி எவ்வளவு அதிர்ந்தாலும் பயனில்லை. இரும்போ எஃகோ கலந்திருக்க வேண்டும். போதாததற்கு ஸ்ட்ரிங் அதிரும் நீளமும் புதுசு, 34 அங்குலம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் பேட்டில் க்ரீக்கில் வயலின் தந்திகளுக்குப் பேர்போன வி.சி. ஸ்க்வயர் கம்பெனிதான் ஃபெண்டருக்கு ஸ்ட்ரிங் செய்து கொடுத்தது. (1965-இல் அந்தக் கம்பெனியை ஃபெண்டரே வாங்கிவிட்டது. விலை குறைந்த ஃபெண்டர் கிட்டார்களில் இன்று பார்க்கும் ‘ஸ்க்வயர்’ அந்தப் பெயர்தான்.)

வாசித்தவர்களில் பலர் டபுள் பேஸிலிருந்து வந்தவர்கள். அதன் குறுகிய, கனத்த ஒலிதான் அவர்கள் காதில் இருந்தது. ஃபெண்டரும் பிரிட்ஜ் (கிட்டார் உடலில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பகுதி) மேல் வரும் உலோக மூடியின் உள்பக்கம் மெத்தென்று ஒரு துண்டு ஒட்டியே அனுப்பினார்கள். மூடியைப் போட்டால் அது ஸ்ட்ரிங்கைத் தொட்டு, நாதம் நீளாமல் அடக்கிவிடும். பிற்பாடு பலர் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். அதோடு பாதி ஒலியும் போயிற்று என்பேன்.

மோட்டவுன் பாடல்களுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இந்த வழியில் வந்தவர். 1962 ப்ரிஸிஷனில் லா பெல்லா கம்பெனியின் கனமான ஃப்ளாட்வவுண்ட் போட்டு, வலது ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். ஸ்ட்ரிங் அறுந்தாலொழிய மாற்றவே மாட்டாராம்.

கணீர் ஒலி இங்கிலாந்திலிருந்து வந்தது. தி ஹூ என்ற ராக் குழுவில் பேஸ் வாசித்த ஜான் என்ட்விசிலுக்குப் பியானோ மாதிரி ஒலிக்கும் பேஸ் வேண்டும். அவர் வைத்திருந்த டான்எலக்ட்ரோ பேஸின் மெல்லிய ஸ்ட்ரிங் அறுந்தால் மாற்றுக் கிடைக்காது. அதற்காகப் புது கிட்டாரையே வாங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1966-இல் ரோட்டோசவுண்ட் ஸ்ட்ரிங் கம்பெனியின் ஜேம்ஸ் ஹவ்வோடு உட்கார்ந்து, தன் காதுக்கு ஒத்துவரும்வரை ரவுண்ட்வவுண்ட் ஸ்ட்ரிங் செய்யவைத்தார். பிறகு ராக் உலகமே அந்தப் பக்கம் போய்விட்டது.

சரி, உங்கள் விஷயம். ஜேமர்சன் போட்ட ஸ்ட்ரிங்குகளின் தடிமன் (கேஜ்) 0.052 முதல் 0.110 அங்குலம் வரை. அதே அளவு செட் இன்றும் விற்கிறது, ஆனால் முதல் முறைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். எல்லாவற்றிலும் தடித்த E ஸ்ட்ரிங், நெக்கின் தலைப்பக்கம் உள்ள நட் என்ற தாங்கியின் பள்ளத்தில் இறங்காமல் நிற்கலாம். இழுவை கூடி நெக்கும் முன்பக்கம் வளையும். 0.045–0.105 ஃப்ளாட்வவுண்ட் செட்டே போதும். அதற்குப் பிறகும் நெக் வளைந்தால் டிரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருகாதீர்கள். ஃப்ளாட்வவுண்டுக்கு விலை கூடுதல்தான், ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

பிரிட்ஜ் அருகே ஸ்ட்ரிங்குகளுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டைச் செருகுங்கள். இறுக்கமாக வேண்டாம், சுருதி தெளிவாகக் கேட்க வேண்டும். புது ஃப்ளாட்வவுண்ட் முதல் சில வாரம் கொஞ்சம் பளிச்சென்றுதான் ஒலிக்கும். வாசிக்க வாசிக்க அடங்கும்.

இன்னொன்று, மாட்டும்போது மிச்சத்தை நேராக வெட்டாதீர்கள். வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்பு இடுக்கியால் செங்குத்தாக மடக்கி, மடிப்பைத் தாண்டி வெட்டுங்கள். இல்லாவிட்டால் பட்டைச் சுற்று உள்கம்பியை விட்டு நழுவி, புது ஸ்ட்ரிங் அன்றைக்கே செத்துப்போகும்.