உங்களுக்குப் பிடித்தவரா, ஊருக்குப் பிடித்தவரா?

2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் டிரம்பை எதிர்க்க ஜனநாயகக் கட்சியில் இருபதுக்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவரை வாக்காளர்கள் எப்படிச் சலித்தெடுத்தார்கள் என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: நம் ஊரில் கட்சித் தலைமை பெயரை அறிவித்தால் முடிந்தது. அங்கே ஏன் இத்தனை மாத இழுபறி? (சேலம் வாசகர்)

அங்கே வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், மாநிலம் மாநிலமாக. வாக்குகள், கட்சி மாநாட்டில் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளாக மாறும். 2020இல் இப்படிப் பங்கிட 3,979 பிரதிநிதிகள் இருந்தார்கள். வெல்ல 1,991 பேர் தேவை. ஜனநாயகக் கட்சியில் 15 விழுக்காட்டுக்குக் கீழே வாங்கியவருக்குப் பொதுவாக ஒன்றும் கிடைக்காது.

கேள்வி: சாதாரண வாக்காளர் எதை வைத்து ஒருவரை எடை போட்டார்? கொள்கையா, குணமா? (கோவை வாசகி)

இரண்டும் பேசப்பட்டன. ஆனால் அந்த ஆண்டு எல்லாவற்றையும் விழுங்கிய கேள்வி ஒன்றுதான்: டிரம்பை யார் தோற்கடிப்பார்? மாப்பிள்ளை பார்க்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே, சித்தப்பா என்ன சொல்வார், ஊர் என்ன பேசும் என்று கணக்குப் போடுவார்கள் அல்லவா? அதே கணக்கு. மாசசூசெட்ஸ் செனட்டர் எலிசபெத் வாரனை மனதாரப் பிடித்தவர்களே, "பெண்ணுக்கு மற்றவர்கள் ஓட்டுப் போடுவார்களா?" என்று தயங்கினார்கள். 2016இல் ஹிலாரி தோற்ற காயம் ஆறவில்லை. எல்லோரும் அடுத்தவர் மனதை ஊகித்து ஓட்டுப் போட்டால், யாருடைய விருப்பம்தான் பெட்டியில் விழும்? எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனால் நடந்தது இதுதான்.

கேள்வி: அயோவாவில் வாக்காளர்கள் நேருக்கு நேர் வாதாடுவார்களாமே? (மதுரை வாசகர்)

ஆமாம், 2020 வரை ஜனநாயகக் கட்சியில் அப்படித்தான் நடந்தது. அதற்குக் காகஸ் என்று பெயர். பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கூடி, செனட்டர் பெர்னி சாண்டர்ஸின் ஆட்கள் ஒரு மூலை, முன்னாள் மேயர் பீட் புட்டிஜெஜின் ஆட்கள் ஒரு மூலை என்று நிற்பார்கள். பெரும்பாலான கூடங்களில் 15 விழுக்காடு சேராத கூட்டம் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம். அப்போதுதான் களை கட்டும். "உங்கள் ஆள் நல்லவர்தான், ஆனால் எண்ணிக்கை இல்லை, இந்தப் பக்கம் வாருங்கள்" என்று பக்கத்து வீட்டுக்காரரே வந்து கையைப் பிடித்து இழுப்பார். 2020 பிப்ரவரி 3 அன்று முடிவை அனுப்பும் செயலி காலை வாரிவிட, அன்றிரவு வென்றவர் பெயரே தெரியவில்லை. கடைசியில் சாண்டர்ஸுக்கு வாக்குகள் அதிகம், புட்டிஜெஜுக்குப் பிரதிநிதிகள் அதிகம். இருவருமே வெற்றி என்றார்கள்.

கேள்வி: சாண்டர்ஸ் ஏன் தவறவிட்டார்? (சிங்கப்பூர் வாசகர்)

அவருடைய பலமே பலவீனமாகவும் இருந்தது. பெருமுதலாளிகளிடம் கை நீட்டாமல் சிறு நன்கொடைகளால் கட்சி நடுங்கும் அளவுக்குப் பணம் திரட்டினார். நெவாடாவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளி வாக்காளர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். ஆனால் தன்னைச் சோஷலிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டார். இளைஞருக்கு அது நேர்மை; வயதானவருக்குக் கிலி. 78 வயது, வாக்குப்பதிவு தொடங்க நான்கு மாதம் முன்பு மாரடைப்பு. பற்றாக்குறைக்கு, கியூபாவின் காஸ்ட்ரோ கொண்டுவந்த எழுத்தறிவுத் திட்டத்தைத் தொலைக்காட்சியில் பாராட்டி, காஸ்ட்ரோவை வெறுத்த ஃபுளோரிடாவின் கியூபர்களைச் சீண்டினார்.

கேள்வி: புளூம்பெர்க்? (சென்னை வாசகர்)

நியூயார்க்கின் முன்னாள் மேயர், பெரும் கோடீஸ்வரர். நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்து, பசிபிக்கில் உள்ள குட்டித் தீவுப் பகுதியான அமெரிக்க சமோவாவை வென்றார். அவ்வளவுதான்.

கேள்வி: நம் துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் ஒரு வாக்குக்கூடப் பதிவாகும் முன் விலகியது ஏன்? (மன்னார்குடி வாசகி)

பெருமை நமக்கு இருக்கட்டும். அங்கே அவரை எடை போட்டது அரசு வழக்கறிஞராக அவர் செய்த வேலையை வைத்து. காவல்துறை மீது கோபம் கொண்டிருந்த இளையோருக்கு அது உறுத்தியது. 2019 ஜூன் 27 மயாமி விவாதத்தில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கப் பேருந்தில் வேறு பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டத்தைப் பைடன் முன்பு எதிர்த்ததைத் தாக்கியபோது மேலே ஏறினார். பிறகு மருத்துவக் காப்பீட்டில் இப்படியும் அப்படியும் பேசினார், பணம் வற்றியது. டிசம்பர் 3 அன்று விலகினார். தாக்கப்பட்டவரே அடுத்த ஆகஸ்டில் அவரைத் துணைக்கு அழைத்தார்.

கேள்வி: அயோவாவில் நான்காம் இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம். பைடன் எப்படி எழுந்தார்? (யாழ்ப்பாணம் வாசகர்)

முதல் இரண்டு மாநிலங்களிலும் வெள்ளையரே மிகுதி. தென் கரோலினாவில் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர். அவர்கள் பைடனின் குறைகளை அறியாதவர்கள் அல்லர்: கறுப்பினத்தவரைப் பெருமளவில் சிறைக்கு அனுப்பியதாகக் குறை சொல்லப்பட்ட 1994 குற்றச் சட்டம், உச்ச நீதிமன்ற நீதிபதி வேட்பாளர் மீது பாலியல் தொல்லைப் புகார் சொன்ன அனிதா ஹில்லின் விசாரணையில் நடந்துகொண்ட விதம், வாய் குழறல், எல்லாம் தெரியும். எட்டு ஆண்டு ஒபாமாவின் பக்கத்தில் நின்றதும் தெரியும். வெள்ளையர் யாருக்கு ஓட்டுப் போடத் துணிவார்கள் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் அவர்கள். அந்த மாநிலத்தின் மூத்த எம்.பி. ஜிம் கிளைபர்ன் ஆதரவு தந்த மூன்றாம் நாள், பிப்ரவரி 29 அன்று, பைடனுக்கு 48 விழுக்காட்டுக்கு மேல். 1988, 2008, 2020 என்று மூன்று முறை நின்றவருக்கு, ஒரு மாநிலத்தில் கிடைத்த முதல் வெற்றி அதுதான். புட்டிஜெஜும் இன்னொரு போட்டியாளரான செனட்டர் ஏமி குளோபுச்சாரும் உடனே விலகி அவரை ஆதரித்தார்கள். மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் 10 அவருக்கு. சொந்த மாசசூசெட்ஸில் வாரன் மூன்றாம் இடம். மனம் கசந்தது எனக்கு.

கேள்வி: பைடனின் வயதை அப்போது யாரும் பேசவில்லையா? (திருச்சி வாசகர்)

பேசினார்கள். அதே மயாமி மேடையில் கலிஃபோர்னியா எம்.பி. எரிக் ஸ்வால்வெல், தீபத்தை அடுத்த தலைமுறையிடம் கொடுங்கள் என்றார். அது இன்னும் என் கையில்தான் இருக்கிறது என்றார் பைடன், சிரித்துக்கொண்டே. பதினோரு நாளில் ஸ்வால்வெல் விலகிவிட்டார். பைடனைப் போட்டியிலிருந்தே விலகவைத்த அட்லாண்டா விவாதம் நடந்தது 2024இல். தேதி அதே ஜூன் 27.